மேல் எண்ணெய், அடி எண்ணெய்

"கையை சோப்பு போட்டுத்தானே கழுவினீங்க?"

"ரெண்டு தடவை."

"அப்படியும் மண்ணெண்ணெய் வாடை வருது."

"உன் மூக்குக்குத்தான் வருது. ஊர்ல வேற யாருக்கும் வராது."

"அதனாலதான் கேக்கறேன். நம்ம வீட்ல மண்ணெண்ணெயே கிடையாது. டிப்போவுல அதை உள்ளேயே விடமாட்டாங்க. அப்புறம் கோட்டுல எப்படி வந்துச்சு?"

அவன் டம்ளரை வாயில் வைத்துக்கொண்டான். டம்ளரில் ஒன்றுமில்லை என்பது அவளுக்குத் தெரியும். காலி டம்ளரில் ஒரு மனுஷன் இவ்வளவு நேரம் டீ குடிக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மூக்கி, விடேன். தலை வலிக்குது" என்றான் கடைசியில்.

அவள் விட்டாள். கோட்டை எடுத்துத் துவைக்கிற கூடையில் போட்டாள். கேட்ட கேள்வியையும் அதோடு சேர்த்துப் போட்டு மூடினாள்.

மூக்கி என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவளுடைய அண்ணன். சின்ன வயதில் அடுப்படியில் எந்த எண்ணெய் காய்கிறது என்று வாசலில் நின்றே சொல்வாளாம். இப்போது அந்த அண்ணனின் ஆலையில்தான் அவளுக்கு வேலை. எண்ணெய் வித்துக்களை ஆட்டி, அந்த எண்ணெயிலிருந்து பஸ்களுக்கான டீசல் தயாரிக்கிற ஆலை. அனுப்பும் முன்பு சோதித்துப் பார்ப்பது அவள். அதை ஊற்றிக்கொண்டு மலைக்கு மேலே பஸ் ஓட்டுவது அவளுடைய கணவன்.

முந்தாநாள்வரை இது நல்ல ஏற்பாடாகத்தான் இருந்தது.

முந்தாநாள் விடியும் நேரத்தில் பஸ் கணவாயில் நின்றுவிட்டது. என்ஜின் இரண்டு முறை இருமியது, அப்புறம் மூச்சில்லை. வெளியே கண்ணாடி முழுக்க உறைபனி. உள்ளே பயணிகள் ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எப்படியோ அவன் வண்டியைக் கிளப்பி இறக்கிக் கொண்டுவந்துவிட்டான். ஆனால் கையுறை இல்லாமல் வந்த ஒரு தையல்காரர் இப்போது ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். அவருடைய விரல்கள் திரும்ப ஊசி பிடிக்குமா என்று டாக்டர்கள் இன்னும் சொல்லவில்லை.

நாளைக் காலையில் டிப்போவில் விசாரணை. வண்டியைக் கவனிக்காமல் ஓட்டினான் என்று முடிவானால் மலைப்பாதையில் ஓட்டும் அனுமதியைப் பிடுங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு எந்த டிப்போவிலும் அவனை ஸ்டீயரிங் பக்கம் விடமாட்டார்கள்.

"நான் கிளம்பறேன்" என்றாள் மூக்கி.

"உங்க அண்ணன் கேட்டா நான் தூங்கறேன்னு சொல்லு."

"ஏன், அவர் என்ன கேப்பார்?"

"எதாவது கேப்பார்" என்றான் அவன், டம்ளருக்குள் பார்த்துக்கொண்டே.

*

ஆலையின் வாசலில் அண்ணன் தானே எழுதிய பலகை ஒன்று உண்டு. 'ஒரே விதை. ஒரே எண்ணெய்.' எழுத்துகள் பாதியில் இடம் போதாமல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஒன்றோடு ஒன்று கலக்க மாட்டோம் என்று அர்த்தம். அண்ணனுக்கு அது பட்டம் மாதிரி.

பல வருஷங்களாக மலை பஸ்களுக்கு அந்த விதை கடுகு. கடுகு எண்ணெயில் செய்த டீசல் எத்தனை குளிரிலும் தண்ணீராக ஓடும். இந்த வருஷம் கடுகு வயல்களைப் பூச்சி தின்றுவிட்டது. வயல் வயலாக அலைந்து வித்து வாங்குவது அண்ணியின் வேலை. அவள் சூரியகாந்தி வாங்கிப் போட்டாள். சூரியகாந்தியும் குளிரைத் தாங்கும். ஆனால் நாள்கணக்கில் வைத்தால் சீக்கிரம் காறிக் கெட்டுப்போகும்.

சூரியகாந்தி டீசல் தொட்டிக்குப் பக்கத்துத் தொட்டியில் இருப்பது பனை எண்ணெய் டீசல். அது வெயில் காலத்துக்கு, சமவெளி லாரிகளுக்கு. மாதக்கணக்கில் வைத்தாலும் கெடாது. குளிர் பட்டால் மட்டும் மெழுகுவத்தி மாதிரி வெளுத்துக் கெட்டியாகிவிடும். இரண்டு தொட்டிக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கும் அளவுக்குத்தான் இடைவெளி.

அண்ணன் ஆபீஸ் அறையில் ஹீட்டர் முன்னால் கைகளை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வா மூக்கி. மாப்பிள்ளை தூங்கினாரா?"

"தூங்கற மாதிரி படுத்திருந்தார்."

"பாவம்." கைகளைத் திருப்பிப் புறங்கைக்குச் சூடு காட்டினான். "ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?"

"கேளு."

"வழியில எங்கேயாவது நின்னு வேற எண்ணெய் போட்டாரா?"

கோட்டின் வாடை அவள் மூக்குக்குள் இன்னொரு முறை வந்து போனது.

"தெரியலைண்ணா."

"இல்லைன்னு சொல்லலையே நீ."

"தெரியாததைத் தெரியலைன்னுதான் சொல்ல முடியும்."

"அதுக்கில்லைம்மா. நம்ம எண்ணெய் வருஷக்கணக்கா அந்தக் கணவாய்க்கு மேல போகுது. ஒரு நாள் நின்னது உண்டா? விதை மாறினாலும் இதுவும் குளிர் தாங்கற எண்ணெய்தான். வண்டி மாறலை. அப்ப என்ன மாறியிருக்கும்னு நீயே யோசிச்சுப் பாரு."

"அவரைப் போய்ச் சந்தேகப்படறீங்களே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அண்ணி. தோளில் சால்வை, கையில் ஒரு பிடி சூரியகாந்தி வித்து. எப்போதும் எதையாவது உள்ளங்கையில் உருட்டிக்கொண்டேதான் பேசுவாள்.

"குளிர்னா வண்டி நிக்கறதுதான். மெஷின்தானே? அதுக்கு யாரும் பொறுப்பில்லை. பேசாம விட்டுடுங்க."

"தையல்காரர் விடுவாரா?" என்றான் அண்ணன்.

அண்ணி வித்துக்களை உருட்டுவதை நிறுத்தினாள். அப்புறம் வெளியே போனாள்.

மூக்கியின் கணவனுக்காக அண்ணி இதுவரை பரிந்து பேசியதே இல்லை. கல்யாணமான புதிதில் 'ஸ்டீயரிங்கைத் தவிர வேற எதையும் பிடிக்கத் தெரியாத ஆளு' என்று அவனைக் கேலி செய்தவள் அவள். இன்றைக்கு என்ன இப்படி ஒரு பாசம்?

"அந்த பாட்டிலை எடுத்துப் பாரு" என்றான் அண்ணன். "அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

ஒவ்வொரு தடவை டீசலை அனுப்பும்போதும் ஒரு பாட்டிலில் மாதிரி பிடித்து அலமாரியில் வைப்பார்கள். முந்தாநாள் பஸ்ஸுக்குப் போனதன் மாதிரியை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். பொன்னிறம். கண்ணாடி வழியாக எதிர்ச் சுவரின் வெடிப்புகூடத் தெளிவாகத் தெரிந்தது.

*

டிப்போவின் மெக்கானிக்கை எல்லோரும் ஸ்பானர் என்பார்கள். பஸ்ஸுக்கு அடியில்தான் குடியிருப்பு. மூக்கி போனபோது இரண்டு செருப்புகள் மட்டும் வெளியே தெரிந்தன.

"அண்ணே."

"யாரு? கடன்காரனா இருந்தா நான் இல்லை."

"நான்தாண்ணே. மூக்கி."

செருப்புகள் நகர்ந்தன. முழங்கால் வந்தது, அப்புறம் மீசை வந்தது.

"ஏன் தங்கச்சி இங்க வந்தே? மேனேஜர் பார்த்தா என்னையும் சேர்த்து நாளைக்கு உட்கார வெச்சுடுவார்."

"அவர் பஸ் டேங்க்ல இருந்து ஒரு பாட்டில் எண்ணெய் வேணும்."

"கேக்கறதைப் பாரு, பக்கத்து வீட்ல மோர் கேக்கற மாதிரி." சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து துணியில் சுற்றிய எதையோ எடுத்தான். "முதல்ல இதைப் பாரு. வண்டியோட ஃபில்டர். யார்கிட்டயும் காட்டாதேன்னு உத்தரவு."

ஃபில்டரின் மடிப்புகளுக்குள் வெள்ளையாக, வழவழவென்று எதுவோ அப்பியிருந்தது.

"பல்லு தேய்க்கற பேஸ்ட் மாதிரி இருக்குல்ல?" என்றான் ஸ்பானர். "வண்டி மூச்சு விடணும்னா இந்த வழியாத்தான் எண்ணெய் போகணும். எப்படிப் போகும்? மூக்கடைச்ச மாதிரிதான். இதை வெச்சுக்கிட்டு உன் வீட்டுக்காரன் கீழ வரைக்கும் ஓட்டிட்டு வந்தானே, அதுக்கே அவனுக்கு மாலை போடணும்."

"அப்ப தப்பு எண்ணெய் மேலதான்."

"எண்ணெய் மேலதான். ஆனா எந்த எண்ணெய் மேல?" குரலைத் தாழ்த்தினான். "மண்ணெண்ணெய் வாடை எனக்கே வருது. உனக்கு வரலையா?"

அவள் ஃபில்டரைத் துணியில் திரும்பச் சுற்றினாள்.

"நானா போய்ச் சொல்ல மாட்டேன். நாளைக்கு என்னைப் பேர் சொல்லிக் கேட்டா மறைக்கவும் மாட்டேன். எனக்கும் குடும்பம் இருக்கு தங்கச்சி." டேங்கின் அடிக்குழாயிலிருந்து ஒரு பாட்டில் பிடித்து, துடைத்து, கையில் கொடுத்தான். "பைக்குள்ள வெச்சுக்கோ. சிரிச்சுக்கிட்டே போ. கல்யாணச் சாப்பாடு வாங்கிட்டுப் போற மாதிரி போ."

*

ஆலையில் எல்லோரும் சாப்பாட்டுப் பாத்திரம் வைக்கும் பழைய ஃபிரிட்ஜ் ஒன்று உண்டு. அதன் மேல்தட்டில் இரண்டு பாட்டில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று அலமாரியிலிருந்து. இன்னொன்று பஸ் டேங்கிலிருந்து. கதவைச் சாத்திவிட்டு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

மூடிய ஃபிரிட்ஜைப் பார்த்துக்கொண்டு உட்காருவது வேடிக்கையான வேலை. உள்ளே விளக்கு அணைந்திருக்கும். இருட்டில் இரண்டு பாட்டில்களும் பேசிக்கொள்ளுமோ என்று தோன்றியது. 'நீ யார் வீட்டுப் பிள்ளை?' 'சூரியகாந்தி வீட்டுப் பிள்ளை.' 'நானும்தான்.' இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. எது என்று கொஞ்ச நேரத்தில் குளிர் கேட்டு வாங்கிவிடும்.

சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் வந்தான். தன் பாத்திரத்தை எடுக்கக் கதவைத் திறந்தான். அப்படியே நின்றான்.

அலமாரி பாட்டில் வைத்தபடியே இருந்தது, பொன்னிறமாக. பஸ் பாட்டிலில் மேகம் இறங்கியிருந்தது. தூக்கிப் பார்த்தபோது அடியில் வெள்ளைத் துகள்கள் சுழன்று மெதுவாகப் படிந்தன. எங்கேயோ ரொம்ப தூரத்து ஊர் ஒன்றில் பனி பெய்வதை ஜன்னல் வழியாகப் பார்ப்பது மாதிரி இருந்தது.

"இது எங்கேயிருந்து வந்துச்சு?"

"பஸ் டேங்க்ல இருந்து."

அண்ணன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் பெரிதாக மூச்சு விட்டான். அந்த மூச்சில் இருந்த நிம்மதி அவளுக்குப் பிடிக்கவில்லை.

"போதுமாம்மா? இங்கேயிருந்து போகும்போது நல்லா இருந்தது, அங்க போய்க் கெட்டிருக்கு. நடுவுல இருந்தது யாரு?"

"அண்ணா..."

"நான் எதுவும் சொல்லலை. நீயே வீட்ல கேட்டுக்கோ."

பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனான். போகும்போது அறைக் கதவைச் சரியாகச் சாத்தவில்லை.

அவள் போனை எடுத்தாள்.

"என்னங்க, உண்மையைச் சொல்லுங்க. மண்ணெண்ணெய் ஊத்தினீங்களா?"

அந்தப் பக்கம் டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"ஊத்தினேன்" என்றான்.

"எப்ப?"

"வண்டி நின்ன பிறகு. கணவாய்ல ரோடு போடறவங்க கொட்டகை ஒண்ணு இருக்கு. அவங்க அடுப்புக்கு வெச்சிருந்ததைக் கெஞ்சி வாங்கினேன். ஃபில்டரைக் கழுவினேன். மிச்சத்தை டேங்க்ல ஊத்தினேன். கீழ வர்றதுக்குள்ள ஃபில்டர் திரும்பவும் அடைக்க ஆரம்பிச்சுது. வேற வழி இல்லை. அந்தத் தையல்காரர் கையை ஊதி ஊதிப் பார்த்துக்கிட்டு இருந்தார். விரல் வெள்ளையாயிட்டு வருது. நான் என்ன பண்ணட்டும்?"

"இதைக் காலையில சொல்றதுக்கென்ன?"

"டேங்க்ல வேற எதையாவது ஊத்தினா உடனே வேலை போயிடும். அது ஒண்ணு." நிறுத்தினான். "உங்க அண்ணன் எண்ணெய் உறைஞ்சுபோச்சுன்னு நான் சொல்லியிருந்தா நீ நம்பியிருப்பியா?"

அவளுடைய கண் அலமாரி பாட்டிலின் பொன்னிறத்துக்குப் போனது.

"அதான் சொல்லலை" என்றான்.

போனை வைத்தபின் அதே இடத்தில் நின்றாள். அவன் சொன்னதை நம்பலாமா என்று மனது கேட்டது. மூக்கு வேறு எதையோ கேட்டது. மண்ணெண்ணெய் எண்ணெயை இளக்கும். வெளுக்க வைக்காது. அதைக் கலந்த பிறகும் பாட்டில் இவ்வளவு வெளுத்திருக்கிறது என்றால், கலக்கும் முன்பு எப்படி இருந்திருக்கும்?

அப்படியானால் இங்கேயிருந்தே போயிருக்கிறது. அப்படியானால் அலமாரி பாட்டில் மட்டும் எப்படித் தெளிவாக இருக்கிறது? யாராவது மாற்றி வைத்துவிட்டார்களா?

வராந்தாவில் காலடிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. அண்ணனின் சாப்பாட்டுப் பாத்திரம் மட்டும் ஜன்னல் திட்டில் திறக்காமல் இருந்தது.

*

பாட்டிலை யாரும் மாற்றவில்லை. அது அவளுக்குத் தொட்டியின் ஏணியைப் பார்த்ததும் புரிந்தது.

இந்தக் குடும்பத்துக்கென்று ஒரு பழக்கம். எண்ணெயை மெத்தனாலோடும் காஸ்டிக் சோடாவோடும் சேர்த்துச் சூடாக்கினால் கனமான கிளிசரின் அடியில் இறங்கிவிடும். மேலே நிற்பதுதான் டீசல். அதனால் நல்லது மேலே இருக்கும், கசடு கீழே போகும் என்றே அப்பா காலத்திலிருந்து எல்லோருக்கும் மனதில் ஊறிப்போயிருந்தது. கழிவையெல்லாம் பிரித்தெடுத்துச் சுத்தமாகச் சேர்த்து வைக்கும் தொட்டியில்கூட, ஏணியில் ஏறி, மேல்மூடியைத் திறந்து, கயிற்றில் கட்டிய பாட்டிலை இறக்கித்தான் மாதிரி எடுப்பார்கள். அவளும் அப்படித்தான் எடுத்தாள். ஒரே விதையில் செய்தது மேலே எடுத்தாலும் ஒன்றுதான், கீழே எடுத்தாலும் ஒன்றுதான். இதுவரை அதில் தப்பே வந்ததில்லை.

ஆனால் பஸ்ஸுக்குப் போகும் கறுப்புக் குழாய் பூட்டியிருப்பது தொட்டியின் அடியில்.

தொட்டி மதில் சுவரின் நிழலில் நின்றது. வெயில் அந்தப் பக்கம் வருவதே இல்லை. அடியில் இருந்த வால்வு இறுகிப்போயிருந்தது. சால்வை நுனியைச் சுற்றிப் பிடித்து முழு பலத்தோடு திருப்பினாள்.

முதலில் ஒன்றும் வரவில்லை. அப்புறம் கொழகொழவென்று, அரிசிக் கஞ்சி மாதிரி, வெள்ளையாக வந்தது.

முகர்ந்தாள். சூரியகாந்தி. அதற்குப் பின்னால், கனமாக, மெழுகாக, பனை.

"மூடிடு. வீணாப் போகுது."

திரும்பினாள். இரண்டு தொட்டிகளுக்கும் நடுவில், ஒரு ஆள் நடக்கும் அந்த இடைவெளியில், அண்ணி நின்றிருந்தாள். கையில் வித்து இல்லை. வெறும் உள்ளங்கையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்களா அண்ணி?"

"நான்தான்."

"ஏன்?"

"ஏன்னு என்னைக் கேக்கறியா?" அண்ணியின் குரல் உயரவில்லை. "போன மாசம் யாரு வந்து சொன்னது? 'அண்ணி, எண்ணெய் காற ஆரம்பிச்சுடுச்சு, இன்னும் கொஞ்ச நாள் போனா பிசின் மாதிரி ஆயிடும்'னு?"

மூக்கிக்கு ஞாபகம் வந்தது. சொன்னது அவள்தான்.

"கடுகு கிடைக்கலை. சூரியகாந்தியை நான்தான் வாங்கினேன். அது கெட்டுப்போனா குளிர்காலம் முழுக்க ஆலையை மூடணும். பனை எண்ணெய் சேர்த்தா காறல் மட்டுப்படும்னு எனக்குத் தெரியும். பக்கத்துலயே இருக்கு. குழாயைத் திருப்பி விட்டேன். கொஞ்சம்தான் விட்டேன். நீயே மேல இருந்து எடுத்துப் பார்த்துட்டு, 'நல்லா இருக்கு, அனுப்பலாம்'னு சொன்னே. நானும் கலந்துடுச்சுன்னு நினைச்சேன்."

"கலக்கலை அண்ணி. ராத்திரிக் குளிர்ல பனை மட்டும் உறைஞ்சு கீழ இறங்கியிருக்கு. மேல தெளிவா சூரியகாந்தி. பஸ்ஸுக்குப் போனது அடியில இருந்தது."

அண்ணி தொட்டியின் தகரத்தில் கையை வைத்தாள். ஜுரம் பார்ப்பது மாதிரி.

"இங்க இவ்வளவு குளிர்னா அங்க எப்படி இருக்கும்னு நான் யோசிக்கவே இல்லை" என்றாள். "நான் ஒரு தடவைகூட அந்தக் கணவாய்க்குப் போனதில்லை."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"அந்தப் பலகையை வாசல்ல மாட்டிட்டு நிக்கற மனுஷன்கிட்ட நான் எப்படிச் சொல்றது?"

"தெரியுமா, தெரியாதா?"

"நான் சொல்லலை" என்றாள் அண்ணி.

அது பதில் இல்லை என்பது இரண்டு பேருக்குமே தெரிந்தது.

மூக்கி பையிலிருந்து காலி பாட்டில் ஒன்றை எடுத்து வால்வுக்கு அடியில் பிடித்தாள். வெள்ளை மெதுவாக நிறைந்தது. அண்ணி தடுக்கவில்லை.

"நாளைக்கு அவரை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க அண்ணி. ஒரு தப்பும் பண்ணாத மனுஷனை."

"தெரியும். காலையில இருந்து அது ஒண்ணுதான் மனசுல ஓடுது." அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நானே சொல்றேன். உங்க அண்ணன் வெளியே போயிருக்கார். வரட்டும். நீ எதுவும் சொல்ல வேண்டாம், என் வாயாலயே சொல்றேன். அது என் பொறுப்பு."

"சத்தியமா?"

"சத்தியமா."

*

அண்ணன் வரும்போது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. ஆபீஸ் அறையில் மூக்கி மேஜைக்கு இந்தப் பக்கம், அண்ணி கதவோரம். பாட்டிலை மூக்கி மேஜையின் நடுவிலேயே வைத்திருந்தாள். மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அண்ணன் தொப்பியைக் கழற்றி உதறினான். முகம் தெளிவாக இருந்தது.

"டிப்போவுக்குப் போயிட்டுத்தான் வரேன். மேனேஜர்கிட்ட நேரா பேசிட்டேன்."

"என்ன பேசினே?"

"எல்லாம்தான். மாப்பிள்ளை டேங்க்ல மண்ணெண்ணெய் ஊத்தினது வரைக்கும் அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு."

மூக்கி நிமிர்ந்தாள். "அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"இதெல்லாம் மறைக்க முடியுமா? எப்படியோ தெரியும்."

ஸ்பானர் தானாகப் போய்ச் சொல்ல மாட்டேன் என்று சொல்லியிருந்தான். வீட்டுக்காரன் சொல்லியிருக்க மாட்டான். மீதி இருப்பது அந்தப் போன் பேச்சு. சரியாகச் சாத்தாத கதவு. திட்டில் திறக்காமல் இருந்த சாப்பாடு.

அவள் அண்ணியைப் பார்த்தாள். 'இப்போ சொல்லுங்க.' கண்ணாலேயே கேட்டாள். அண்ணியின் உதடு அசைந்தது. அண்ணன் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினான்.

"கை ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு?" என்று அவளுடைய கையைப் பிடித்துத் தேய்த்துவிட்டான். "உள்ள வந்து உட்காரு. நின்னு நின்னு காலு போயிடும்."

அண்ணி வந்து உட்கார்ந்தாள். 

அண்ணன் மேஜையின் நடுவில் இருந்த பாட்டிலைப் பார்த்தான். பார்த்தான் என்பதில் சந்தேகம் இல்லை. வெள்ளை வெளேரென்று அரைப் பங்கு உறைந்து நிற்கிற பாட்டில். இந்த ஆலையில் எந்த பாட்டில் எங்கே இருந்தாலும், 'இது என்ன? எந்தத் தொட்டி? எப்ப எடுத்தது?' என்று கேட்காமல் நகராத மனுஷன். ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்தால் திட்டுவான். மூடி தளர்ந்திருந்தால் திட்டுவான்.

இதை என்ன என்று கேட்கவில்லை. கண்ணை எடுத்து ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டான்.

மூக்கி மனதுக்குள் கணக்குப் போட்டாள். அண்ணி காலையிலேயே 'யாரும் பொறுப்பில்லை' என்றது யாருக்காக? 'நான் சொல்லலை' என்றாளே, வேறு யார் சொன்னது? இல்லை, யாரும் சொல்லவே தேவையில்லாமல் இருந்ததா? அந்தக் கனமான குழாயைத் திருப்பும்போது பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டுமே?

"மாப்பிள்ளையைப் பத்தி நீ கவலைப்படாதே" என்றான் அண்ணன் ஜன்னலைப் பார்த்தபடியே. குரல் ரொம்ப மென்மையாக இருந்தது, சின்ன வயதில் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது பேசிய குரல். "இங்கேயே லோடு வண்டி இருக்கு. என்கூடவே இருக்கட்டும். மலையும் வேண்டாம், பனியும் வேண்டாம். உனக்கும் பயமில்லாம இருக்கும்."

"அவர் மலையில ஓட்டறவர்ணா."

"இருந்தா என்ன? ரோடு ரோடுதானே?"

ஹீட்டரின் சூட்டில் பாட்டிலின் மேல்பக்கம் இளகத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இங்கேயே இருந்தால் முழுக்கத் தெளிந்துவிடும். அவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டாள். அண்ணனின் கண் அந்தக் கையோடு கூடவே வந்தது. அப்போதும் அவன் கேட்கவில்லை.

அண்ணி தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணும்மா" என்றான் அண்ணன். நாற்காலியை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, முழங்கால் இடிக்கும் அளவுக்கு நெருங்கி உட்கார்ந்தான். "நாளைக்குக் காலையில என்கூட டிப்போவுக்கு வா. ரொம்ப நேரம் ஆகாது. சோதிச்சுப் பார்த்தவ நீதானே, அவங்க முன்னாடி நின்னு, எங்க எண்ணெய்ல எந்தக் கலப்பும் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. எனக்காக."